கும்பாபிஷேகத்தன்று டிரோன் ஏன் சொன்ன பேச்சு கேட்கவில்லை? தொண்டர் குழுவின் விளக்கம்



நம்ம கோயில் கும்பாபிஷேகம் முடிந்து இன்றோடு 33 நாள். மண்டல பூஜை தினமும் சாயந்திரம் நல்லபடியா நடந்துகிட்டு இருக்கு. ஆனால் இந்த 33 நாளில் எங்களைப் பார்க்கிறவர்கள் யாரும் யாகசாலையைப் பற்றிக் கேட்பதில்லை, அன்னதானத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "அந்த டிரோன் என்னாச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். பாசாரில் கேட்கிறாங்க, பசியாறுற கடையில் கேட்கிறாங்க, பேக்டரி கேண்டீனில் மலாய்க்கார நண்பர்கள்கூட கேட்டாங்க. வாட்சப் குரூப்பில் வந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டோம். சிலது மனசுக்குக் கஷ்டமா இருந்தது, முக்கியமா அந்தப் பையனைப் பற்றிப் பேசினது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

வராதவர்களுக்காக நடந்ததை முதலில் சொல்லிடுறோம். காலை 10 மணி தாண்டி, கடம் புறப்பட்டு மேலே போய், குருக்கள் ஐயா விமானத்தின் சாரத்தில் ஏறி நிற்கிறார். கீழே நாதஸ்வரம், உறுமி, எல்லாரும் கையைத் தூக்கிக்கிட்டு நிற்கிறோம். வீட்டில் இருந்து வர முடியாதவங்க லைவ்ல பார்த்துக்கிட்டு இருக்காங்க. தீர்த்தம் கலசத்தில் விழப்போகிற அந்த நேரம், டிரோன் அனுப்பின படம் அப்படியே உறைஞ்சு போச்சு. பிறகு திரை கறுப்பு. மேலே பார்த்தால் டிரோன் அசையாம நின்னது. கொஞ்ச நேரத்தில் தானா திரும்பிச்சு, இன்னும் மேலே ஏறிச்சு, நேரா திடல் பக்கம் பறந்து போய் கூட்டத்தின் தலைக்கு மேலே இறங்க ஆரம்பிச்சது. கீழே இருந்தவங்க அலறிக்கிட்டு ஒதுங்கினாங்க. அந்தத் தள்ளுமுள்ளில் நம்ம பழைய லயத்துப் பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியோடு சாய்ஞ்சு விழுந்து இடது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. டிரோன் யார் மேலேயும் படவில்லை. தலைக்கு மேல் ஒரு வீட்டு உயரம் இருக்கும்போது பையன் மேடையை விட்டு ஓடி வந்து அதைப் பிடிச்சு, பக்கத்தில் வெறும் புல்லில் இறக்கிட்டான்.

அதுக்கப்புறம் அவன் கோயிலுக்கு வரவில்லை. 22 வயசு, பாலிடெக்னிக்கில் படிக்கிறான். லீவு நாளில் வேலை செய்து சேர்த்த காசில் வாங்கின டிரோன் அது. கோயிலுக்காக ஒரு வெள்ளிகூட வாங்காமல் பறக்கவிட்டான். அவனைப் பார்த்து "விளையாட்டுச் சாமானை வச்சு வேடிக்கை காட்டினான்" என்று சொன்னவங்க இருக்காங்க. "அம்மாளுக்குப் பிடிக்கலை, அதான் தட்டிவிட்டா" என்று சொன்னவங்களும் இருக்காங்க. இரண்டாவது பேச்சைப் பற்றி பிறகு சொல்றோம், அதைச் சும்மா தள்ளிவிட மாட்டோம்.

எங்க குழுவில் மூணு பேர் எலக்ட்ரானிக் பேக்டரியில் லைன் பார்க்கிறவங்க. படிப்பு படிவம் 5 வரைக்கும்தான். ஆனால் இருபத்தஞ்சு, முப்பது வருஷமா மெஷின் நின்னால் ஏன் நின்னது என்று தேடுறதுதான் எங்க பிழைப்பு. அங்கே ஒரு பழக்கம் உண்டு. மெஷின் நின்னவுடனே ஆப்பரேட்டரைத் திட்டக்கூடாது. முதல்ல மெஷின் என்ன எழுதி வச்சிருக்கு என்று பார்க்கணும். பிறகு ஒரு நேரத்தில் ஒண்ணே ஒண்ணை மட்டும் மாற்றிப் பார்க்கணும். ரெண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரைக்கும் தெரியாது. அதே வழியில் டிரோனையும் பார்ப்போம் என்று முடிவு பண்ணினோம்.

பையன் வீட்டுக்கு ரெண்டு தடவை போனோம். முதல் தடவை அவன் அறையை விட்டு வரலை. இரண்டாவது தடவை அவன் அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, "தம்பி, உன்னைக் குறை சொல்ல வரலை, அந்த லாக்கைக் காட்டு" என்று கேட்டோம். டிரோன் பறந்த கதை முழுக்க அந்த ஆப்பில் நொடிக்கு நொடி பதிவாகி இருக்கும். எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், பேட்டரி எத்தனை, சாட்டிலைட் எத்தனை, சிக்னல் எப்போ குறைஞ்சது, எல்லாம் இருக்கு. அவன் அதைத் திறந்தே பார்க்கலை. பயம்.

லாக் சொன்னது இதுதான். பேட்டரி 61 விழுக்காடு. தூரம் 140 மீட்டர். ஜி.பி.எஸ் சாட்டிலைட் 19. முதல்ல படம் போயிருக்கு. சில நொடி கழிச்சு கட்டுப்பாட்டு சிக்னலும் போயிருக்கு. உடனே "வீட்டுக்குத் திரும்புதல்" ஆரம்பிச்சிருக்கு.

இதிலேயே பாதிப் பேச்சு அடங்கிடுது. "சாட்டிலைட் கிடைக்கலை" என்று குரூப்பில் ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். சாட்டிலைட் இல்லாவிட்டால் டிரோனுக்குத் தான் எங்கே இருக்கோம் என்றே தெரியாது. காத்தோட இழுபட்டுப் போகும், புறப்பட்ட இடத்தைத் தேடி நேரா வராது. நம்ம டிரோன் புறப்பட்ட இடத்துக்கே சரியா வந்தது. அது வழி தவறலை, பேச்சுத்தான் அறுந்து போச்சு. ரெண்டும் வேற வேற நோய். இன்னொருத்தர், "கைப்பேசி ஹேங் ஆயிருக்கும்" என்றார். அதுவும் நல்ல சந்தேகம்தான், ஏன்னா கைப்பேசியையும் கன்ட்ரோலரையும் சேர்க்கிற அந்தச் சின்ன கேபிள் லூசா இருந்தாலும் படம் உறைஞ்சு போகும். ஆனால் டிரோனோடு பேசுறது கைப்பேசி இல்லை, கையில் இருக்கிற கன்ட்ரோலர். கைப்பேசி செத்துப்போனாலும் கன்ட்ரோலரும் டிரோனும் பேசிக்கிட்டுத்தான் இருக்கும், படம் மட்டும் தெரியாது. டிரோன் தானா திரும்பி வந்திருக்கு என்றால் கன்ட்ரோலர் குரலே அதுக்குக் கேட்கலை என்று அர்த்தம். இருந்தாலும் கேபிளைச் சோதிச்சோம். ஒரு முனை ஆடிக்கிட்டுத்தான் இருந்தது. புதுசு வாங்கியாச்சு. ஆனால் அன்றைய குற்றவாளி அது இல்லை.

ஏன் படம் முதல்ல போய், கட்டுப்பாடு பிறகு போகுது? படத்துக்கு நிறைய டேட்டா வேணும், கட்டுப்பாட்டுக்குக் கொஞ்சம் போதும். ரோடு நெரிசலானால் லாரி முதல்ல நிற்கும், மோட்டார் சைக்கிள் சந்துல புகுந்து கொஞ்ச தூரம் போகும், அது மாதிரி. அதனால் படம் விட்டு விட்டு வர ஆரம்பிச்சாலே அது முதல் மணி. அப்பவே டிரோனைக் கிட்டே கொண்டு வந்திருக்கணும். பையனும் அதை ஒத்துக்கிட்டான். "அண்ணே, தீர்த்தம் விழுற நேரம், திருப்பினா லைவ்ல போயிடுமேன்னு விட்டுட்டேன்." அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் கூடினோம். லைவ் போட வெளியூரிலிருந்து வந்த குழுவையும் கூப்பிட்டோம். நல்ல மனசுக்காரங்க, அன்றைக்குக் கொண்டு வந்த அதே சாமான்களைக் காரில் ஏற்றிக்கிட்டு வந்தாங்க, பெட்ரோல் காசுகூட வாங்கலை.

முதல்ல ஒண்ணுமே இல்லாமல், வெறும் கோயிலில், அதே உயரத்தில் அதே பாதையில் பறக்கவிட்டோம். அவன் பறக்கவிட்டது பொருளில்லாமல் கலகலன்னு போய் வந்தது. சிக்னல் முழுசா இருந்தது. அப்போ தோட்டத்து ரோட்டில் நிற்கிற டெலிபோன் டவர் மேல் போட்ட பழி போச்சு. டவர் அன்னிக்கும் இருந்தது, இன்னிக்கும் அங்கேதான் நிற்குது.

பிறகு ஒவ்வொண்ணா சேர்த்தோம். ஜெனரேட்டரைப் போட்டு பெரிய எல்.ஈ.டி திரையை எரியவிட்டோம். கொஞ்சம் குறைஞ்சது, பெரிசா இல்லை. லைவ் குழுவின் வைஃபை ரௌட்டரைப் போட்டோம். இன்னும் கொஞ்சம் குறைஞ்சது. பிறகு அவங்களுடைய ஒயர் இல்லாத கேமராவுக்கான பெட்டியைப் போட்டோம். கூட்டத்துக்குள்ளே நடந்து படம் பிடிக்கிற கேமராவிலிருந்து படத்தை வாங்கி மிக்ஸருக்கு அனுப்புற சாமான் அது. அதைப் போட்ட உடனே டிரோன் படம் கட்டம் கட்டமா உடைஞ்சது. பையன் முகத்தைப் பார்க்கணும். ஒரு மாதமா அவன் நெஞ்சில் இருந்த கல் அசைஞ்ச மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். இந்த மாதிரி கேமரா டிரோன் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் என்ற ரெண்டு அலைவரிசையில் பேசுது. 2.4-ல் வீட்டு வைஃபை, புளூடூத், கைப்பேசி ஹாட்ஸ்பாட் எல்லாம் இருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் புது வைஃபை, இந்த ஒயர் இல்லாத கேமரா பெட்டி எல்லாம் இருக்கு. தனி லைசன்ஸ் இல்லாமல் எல்லாரும் பயன்படுத்துற பொது ரோடு மாதிரி. ஒரு பக்கம் நெரிசல் என்றால் டிரோன் தானா அடுத்த பக்கம் தாவிடும், அதுக்குத்தான் "ஆட்டோ" என்று வைக்கிறோம். அன்னைக்கு ரெண்டு பக்கமும் அடைச்சிருந்தது. நம்ம கூட்டத்தில் எத்தனை பேர் ஹாட்ஸ்பாட் போட்டு மகனுக்கும் மகளுக்கும் வீடியோ கால் பண்ணிக்கிட்டு இருந்தீங்க என்று யோசிச்சுப் பாருங்க. தப்பு இல்லை, எங்க வீட்டிலும் அதேதான்.

ஆனால் நெரிசலை விட பெரிய தப்பு, பையன் நின்ன இடம். மேடை ஓரத்தில் லைவ் குழுவின் மேசை. வெயிலுக்காக மேலே தகரக் கூரை. அந்தக் கூரையின் கீழே, அந்தப் பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் அவனுக்கு நாற்காலி போட்டது யார்? நாங்கதான். "இங்கே உட்காரு தம்பி, நிழலா இருக்கு, மிக்ஸருக்கும் கிட்ட" என்று பாசமா உட்கார வச்சோம். காதோரத்தில் உறுமி அடிக்கும்போது, கருவறையில் ஐயர் மெதுவா சொல்ற மந்திரம் கேட்குமா? 140 மீட்டர் தள்ளி இருக்கிற டிரோனோட குரல் கன்ட்ரோலருக்கு அந்த மந்திரம் மாதிரி. பக்கத்துப் பெட்டிதான் உறுமி. பெட்டி வேலை செய்துகிட்டு இருக்கும்போதே பையனை முப்பது அடி தள்ளி வெட்டவெளியில் நிறுத்திப் பார்த்தோம். படம் நல்லா வந்துடுச்சு. பெட்டியையும் நிறுத்தலை, டிரோனையும் மாற்றலை. நின்ன இடம் ஒண்ணுதான் மாறியது.

இரும்பைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்க லைனில் ஒயர்லெஸ் சாமான் சோதிக்கும்போது இரும்புப் பெட்டிக்குள் வச்சுத்தான் மூடுவோம், வெளி சிக்னல் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. தினமும் அதைச் செய்கிற நாங்களே கோயிலில் பையனைத் தகரத்தின் கீழே உட்கார வச்சோம். சுற்றிலும் சாரத்து இரும்புக் குழாய் வேற. பேக்டரி சட்டையைக் கழற்றி வேட்டி கட்டினதும் மூளையையும் லாக்கரில் வச்சுட்டு வந்துட்டோம் போல.

அடுத்தது கோபுரம். டிரோன் விமானத்துக்குப் பின்னால் இருந்து எடுத்தால்தான் குருக்கள் முகமும் கலசமும் நல்லா விழும். அதனால் பையன் அதைப் பின்பக்கம் கொண்டு போனான். அவனுக்கும் டிரோனுக்கும் நடுவில் கம்பி கட்டின கான்கிரீட். இந்த அலை சுவரைச் சுற்றி வளைஞ்சு போறதில்லை, நேர்பார்வை வேணும். டிரோனைக் கண்ணால் பார்க்க முடியலை என்றால் சிக்னலும் அதைப் பார்க்க முடியாமல் திணறுது என்று வச்சுக்கலாம். அப்புறம் ஆட்கள். மனுஷன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் 2.4 அலையை நல்லா உறிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேரைக் கூட்ட முடியாது, அதனால் வந்திருந்த பன்னிரண்டு பேர் மேடை முன்னால் நெருக்கி நின்னோம். பையன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான், பெட்டி ஓடுது, டிரோன் விமானத்துக்குப் பின்னால். கொஞ்ச நேரம்தான். படம் உறைஞ்சது, "சிக்னல் இல்லை" என்று வந்தது, டிரோன் தானா திரும்பிச்சு. எங்களுக்குக் கைதட்டணும் போல இருந்தது, தட்டிட்டோம். கோளாறு திரும்பவும் வந்தால்தான் கோளாறு பிடிபட்டது என்று அர்த்தம். அந்தக் கைதட்டலைக் கேட்டு சமையல்கட்டில் இருந்த அம்மாமார்கள் வெளியே வந்து பார்த்துட்டு, தலையில் அடிச்சுக்கிட்டு உள்ளே போனாங்க.

ஆன்டெனா விஷயத்தில் பையன் பக்கம் ஒரு தப்பு இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். கன்ட்ரோலரில் இருக்கிற ரெண்டு ஆன்டெனாவின் முனையையும் டிரோனை நோக்கி நீட்டினான், டிவி ரிமோட் மாதிரி. அது தலைகீழ். முனையிலிருந்துதான் சிக்னல் ரொம்பக் குறைவா போகும். தட்டையான முகம் டிரோனைப் பார்த்து இருக்கணும். டிரோன் தூரத்தில் முன்னால் இருந்தால் ஆன்டெனா நிமிர்ந்து நிற்கணும். இது அவன் மட்டும் இல்லை, பறக்கவிடுற பாதிப் பேர் செய்கிறதுதான்.

இப்போ எங்களுக்குக் கஷ்டமான பகுதிக்கு வர்றோம்.

சிக்னல் போனால் டிரோன் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து இறங்கும். அது கோளாறு இல்லை, நல்லதுக்காக வச்ச ஏற்பாடு. கண்டபடி விழாமல், குறிச்ச உயரத்துக்கு ஏறி, கோபுரம் மரம் எதிலும் இடிக்காமல் வந்து இறங்குது. பையன் அந்த உயரத்தைச் சரியாத்தான் வச்சிருந்தான். புறப்படும் இடத்தையும் சரியாத்தான் தேர்ந்தெடுத்தான். காலையில் யாகசாலை பக்கத்து சிமெண்டுத் தரையில் வச்சபோது காம்பஸ் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தது. தரைக்குள்ளே கம்பி, பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி, அதுக்குள்ளே காந்தம். உடனே திடலுக்கு மாற்றி, புல்லில் பாயை விரிச்சு, சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னான். கட்டினோம். "அண்ணே, நான் இறக்குற வரைக்கும் ரெண்டு பேர் இங்கேயே நிக்கணும், யாரையும் உள்ளே விடாதீங்க" என்று கேட்டுக்கிட்டான். சரி என்றோம்.

தீர்த்தம் தெளிக்கப் போறாங்க என்று மைக்கில் சொன்னதும், கயிற்றைக் காவல் காக்க வேண்டிய ரெண்டு பேரும் தீர்த்தம் தலையில் படணும் என்று கோபுரம் பக்கம் ஓடிட்டோம். இதை எழுதுகிற எங்களையும் சேர்த்துத்தான் சொல்றோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பாக்கியம், விட மனசு வரலை. கலசம் நல்லா தெரிகிற இடம் திடல்தான், அதனால் ஜனங்க கயிற்றைத் தூக்கி உள்ளே வந்துட்டாங்க. பாட்டிக்கு நாற்காலி போட்டு, சரியா அந்தப் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார வச்சிருக்காங்க.

ஆக, சிக்னல் போனதுக்குக் காரணம் நாங்க போட்ட நாற்காலி. பாட்டி விழுந்ததுக்குக் காரணம் நாங்க விட்டுட்டுப் போன கயிறு. பையன் செய்தது ஒண்ணுதான். சிக்னல் போனதும் பதறி நிற்காமல், தகரத்தை விட்டு வெளியே வெட்டவெளிக்கு ஓடினான். வெளியே வந்ததும் சிக்னல் திரும்ப வந்தது. தானா இறங்கிக்கிட்டு இருந்ததை ரத்து பண்ணி கையில் எடுத்தான். அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கிட்டு இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைச்சாலே இப்பவும் கை நடுங்குது. அவனைத் திட்டினவங்க இதைப் படிச்சால் போதும், வேற ஒண்ணும் கேட்கலை.

அனுமதி எடுத்தீங்களா என்று கேட்டவங்களுக்கும் உண்மையைச் சொல்றோம். விழாவுக்குப் போலீஸ் பெர்மிட் இருந்தது, அது போதும் என்று நினைச்சுட்டோம். போதாது. விமானப் போக்குவரத்துக்கான சி.ஏ.ஏ.எம் விதிப்படி 400 அடிக்கு மேல் பறக்கக்கூடாது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய கூட்டம் கூடுகிற இடத்தில் கேமரா டிரோன் பறக்க அவங்க அனுமதி தனியா வேணும். வானிலிருந்து படம் எடுக்க நில அளவைத் துறையான ஜூப்பெமிடமும் கேட்கணும். நிர்வாகச் செயலாளர் இப்போ அந்தப் பாரங்களை எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். பதில் வராவிட்டால் மண்டலாபிஷேகத்தில் டிரோன் கிடையாது, அவ்வளவுதான்.

"அம்மாளுக்குப் பிடிக்கலை" என்ற பேச்சுக்கு வர்றோம். நாங்க அம்மாளை நம்பித்தான் இந்தக் கோயிலில் கூட்டுறோம், பெருக்குறோம், பாத்திரம் கழுவுறோம். அதனால் பெட்டியும் ஆன்டெனாவும்தான் காரணம், சாமிக்கு இதில் ஒண்ணும் இல்லை என்று பேச எங்களுக்கு வாய் வராது. குருக்கள் ஐயாவிடமே போய்க் கேட்டோம். அவர் சிரிச்சார். "சிக்னல் விவகாரம் எனக்குத் தெரியாது. ஆனா தீர்த்தம் சேர்க்கிற நேரத்துல கலசத்துக்கு மேலே ஒண்ணு நின்னு இரையிறது எனக்குச் சரியா படலை. தள்ளி நின்னு எடுத்தா யார் வேண்டாம்னா?" என்றார்.

அதோட இன்னொண்ணும் சொன்னார். அது எங்களுக்கு உறைச்சது. கும்பாபிஷேக நேரத்தில் எல்லாரும் வானத்தைப் பார்ப்பது எதுக்கு? கருடன் வரணும் என்றுதானே. அன்னைக்கும் கிழவர்கள் எல்லாம் நெற்றியில் கையை வச்சுக்கிட்டு மேலேதான் பார்த்தாங்க. ஒரு சின்னப் பிள்ளை "அதோ கருடன்!" என்று கத்திச்சு. பல பேர் கன்னத்தில் போட்டுக்கிட்டாங்க. அது டிரோன். செம்பனைத் தோட்டத்துப் பக்கம் செம்பருந்து இல்லாத நாளே கிடையாது. ஆனால் இப்படி ஒண்ணு இரைச்சலோடு மேலே சுற்றினால் அது எப்படி வரும்? வந்தாலும் டிரோனைத்தான் கொத்தும். படம் நல்லா வரணும் என்று யோசிச்ச எங்களுக்கு இது மட்டும் தோணவே இல்லை.

அதனால் இனிமேல் எந்த விழாவிலும் அபிஷேக நேரத்தில் கோபுரத்துக்கு மேல் டிரோன் வராது. மண்டலாபிஷேகத்துக்கு அனுமதி கிடைச்சால், கிழக்கு வெளிவீதிக்கு அந்தப் பக்கம், ஆள் இல்லாத செம்பனை ஓரமா தள்ளி நின்னு எடுக்கும். பையன் வெயிலில்தான் நிற்பான், குடை பிடிக்க ஆள் போட்டாச்சு, கம்பிக் குடை என்று கேலி பண்ணாதீங்க. லைவ் பெட்டி மேடையிலேயே இருக்கும், இவன் திடலில். எந்தச் சாமான் எந்த அலைவரிசையில் ஓடுது என்று முதல் நாளே ரெண்டு குழுவும் உட்கார்ந்து பேசி பிரிச்சுக்குவாங்க. பறக்கவிடுற கைப்பேசியில் வைஃபை, புளூடூத் ரெண்டும் மூடியிருக்கும். படம் ஒரு தடவை உடைஞ்சாலும் டிரோன் உடனே கிட்டே வந்துடும், லைவ் போனாலும் பரவாயில்லை. கயிற்றுக்குக் காவல் நாலு பேர், தீர்த்தம் அவங்களைத் தேடி அங்கேயே வரும். குருக்கள் ஐயாவிடம் சொல்லியாச்சு.

பாட்டியைப் பார்க்கப் போனப்போ பையனையும் கூட்டிக்கிட்டுத்தான் போனோம். வாசலிலேயே நின்னுட்டான். பாட்டி கட்டுப் போட்ட கையை மடியில் வச்சுக்கிட்டு, "யாரு அது, பட்டம் விடுற பையனா? உள்ளே வா" என்றார். அவன் காலில் விழப் போனான். "எழுந்திரு, எழுந்திரு. எங்க வீட்டுக்காரர் நட்ட வேப்பமரம் உன் பட்டத்துல தெரியுதா?" என்று கேட்டார். அவன் கைப்பேசியில் அன்னைக்குக் காலையில் எடுத்த படத்தை ஓடவிட்டான். கோயில், திடல், அதுக்குப் பின்னால் ஒரே செம்பனை. பாட்டி கண்ணாடியை மேலே தூக்கி, திரையில் விரலை வச்சு, வெறும் செம்பனையா இருந்த இடத்தில் ஒண்ணு ஒண்ணா சொல்லிக்கிட்டு வந்தார். இது ஒண்ணாம் லயம். இது பிள்ளைக்கொட்டாய். இது பால் ஸ்டோர். இங்கேதான் தண்ணிப் பைப்பு, இங்கேதான் சண்டை போடுவோம். பால்மரம் இருந்த காலத்து தோட்டம் முழுக்க அந்த விரலில் இருந்தது. எங்களுக்கு அதில் பாதி தெரியாது. வேப்பமரத்தைக் கண்டுபிடிச்சதும் நிறுத்தச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அடுத்த தடவை மெதுவா விடு, எனக்கு இன்னும் மூணாம் லயம் பார்க்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குத் திடலில் ஒத்திகை. கயிறு கட்ட ரெண்டு பேர் இருக்காங்க, இன்னும் ரெண்டு பேர் வேணும். வர முடிந்தவங்க கீழே பெயர் போடுங்க. பசியாற இட்லி கோயிலிலேயே.